டொரோத்தியா ஜோர்டன்

டொரோத்தியா ஜோர்டன் (நவம்பர் 1761 - ஜூலை 5, 1816) இங்கிலாந்தின் புகழ் பெற்ற மேடை நடிகை ஆவார். இலண்டன் துரூரி லேன் அரங்கில் நகைச்சுவை நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்ற இவர், பின்னாளில் நான்காம் வில்லியம் என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தின் மன்னரான கிளாரன்ஸ் கோமகனுடன் 1791 முதல் 1811 வரை சுமார் இருபது ஆண்டுகள் இல்லறம் நடத்தினார். இவர்களுக்கு ஐந்து ஆண் குழந்தைகளும் ஐந்து பெண் குழந்தைகளும் பிறந்தனர். பெற்றோர் திருமணம் செய்துகொள்ளாததால் இப்பிள்ளைகள் அரச வாரிசுகளாகக் கருதப்படவில்லை. பிட்ஸ்கிளாரன்ஸ் என்ற குடும்பப் பெயரே அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1837இல் மன்னர் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் பலர் உயிருடன் இருந்தும், அரியணை அவருடைய தம்பி மகளான விக்டோரியாவைச் சென்றடைந்தது.

இளமைக் காலம்

டொரோத்தியாவின் தாய் கிரேஸ் பிலிப்ஸ் வேல்சு நாட்டைச் சேர்ந்த மதகுரு ஒருவரின் மகள், நாடக நடிகை. தந்தை பிரான்சிஸ் பிளாண்ட் அயர்லாந்தில் வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுடைய உறவைப் பிளாண்ட் குடும்பத்தினர் ஏற்றுக்கொள்ளவில்லை. டொரோத்தியாவுக்குப் பதின்மூன்று வயது ஆவதற்குள் தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்து வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அவர் அனுப்பிய சிறு தொகையும், பிள்ளைகள் தம் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடனேயே வந்தது. தந்தையின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாத நிலை இவ்வாறு இவருக்குச் சிறு வயதிலேயே ஏற்பட்டது. பின்னாளில் இவர் பெற்ற பிள்ளைகளும் வேறொரு வகையில் இதே நிலைக்கு உள்ளானார்கள்.

தாயையும் உடன்பிறந்தோரையும் காப்பாற்றும் பொறுப்பு டொரோத்தியாவின் மீது விழுந்தது. 1770களின் இறுதியில் இவர் டப்ளின் நகரில் மேடையேறினார். அங்கு சுமோக் அலி அரங்கின் மேலாளராக இருந்த ரிச்சர்ட் டேலி, திருமணமானவர். அவருடைய நிறுவனத்தில் நடித்துவந்த காலத்தில் அவரால் டொரோத்தியா கருவுற்றார். 1782ஆம் ஆண்டு தாயுடனும் உடன்பிறந்தோருடனும் டப்ளினை விட்டு வெளியேறிக் கடல் கடந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பிரான்சிஸ் என்ற பெண் குழந்தை அதே ஆண்டில் பிறந்தது.

மேடை வாழ்க்கை

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க், லீட்ஸ், ஹல் முதலிய ஊர்களில் நாடகம் நடத்திவந்த டேட் வில்கின்சன், லீட்ஸ் நகரில் டொரோத்தியாவுக்கு வாய்ப்பளித்தார். துன்பியல் நாடகம் ஒன்றில் காலிஸ்டா என்ற பாத்திரத்தில் நடித்து, நாடகம் முடிந்ததும் ஒரு பாடலும் பாடி அவையோரின் பாராட்டைப் பெற்றார். வயிற்றில் குழந்தையுடன் இருந்த பெண் என்பதால் திருமணமானவர் போன்ற பெயர் ஒன்று மேடைக்குத் தேவைப்பட்டது. அயர்லாந்துக் கடலைக் கடந்து வந்தவர் என்பதால், விவிலியத்தில் இசுரவேலர் கடந்த ஜோர்டன் ஆற்றின் பெயரை வில்கின்சன் இவருக்குச் சூட்டினார் எனக் கூறப்படுகிறது. திருமதி ஜோர்டன் என்றே இவர் வாழ்நாள் முழுவதும் அறியப்பட்டார். ஜோர்டன் என்ற பெயரில் கணவர் எவரும் இவருக்கு இருந்ததில்லை.

மூன்று ஆண்டுகள் வடபகுதி ஊர்களில் நடித்த பின்னர், 1785 அக்டோபர் 18ஆம் நாள் இலண்டன் துரூரி லேன் அரங்கில் முதன்முறையாக நடித்தார். வில்லியம் விச்சர்லியின் நாடகத்தைத் தழுவி டேவிட் காரிக் எழுதிய நாட்டுப்புறப் பெண் என்ற நாடகத்தில் பெகி என்ற பாத்திரத்தை ஏற்றார். துன்பியல் நாடகங்களில் சாரா சிடன்ஸ் அக்காலத்தில் ஈடிணையற்றவராக விளங்கினார். நகைச்சுவையில் அதே இடத்தை ஜோர்டன் விரைவில் பெற்றார். சேக்சுபியரின் நாடகங்களில் வயோலா, ரோசலிண்ட் ஆகிய பாத்திரங்கள் இவருக்குப் புகழ் சேர்த்தன. இவ்விரு பாத்திரங்களும் கதையில் ஆண் உடை அணிந்து வருபவை. ஆண் வேடப் பாத்திரங்கள் பலவற்றில் இவர் தொடர்ந்து நடித்தார்.

ஓவியர் ஜான் ஹொப்னர் 1786இல் இவரை நகைச்சுவைக் கலையின் தேவதையாகத் தீட்டினார். இந்த ஓவியம் பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளது. சேக்சுபியர் எழுதியதாகக் கூறி வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர் தாமே புனைந்த வோர்ட்டிகேர்ன் என்ற நாடகம், 1796 ஏப்ரல் 2ஆம் நாள் துரூரி லேனில் அரங்கேறி அவையோரின் எள்ளலுக்கு உள்ளானது. அன்று நடித்தவர்களுள் ஜோர்டனும் ஒருவர்.

இலண்டன் வந்த பின்னர் ரிச்சர்ட் போர்ட் என்ற வழக்கறிஞருடன் இவர் வாழ்ந்தார். துரூரி லேன் அரங்கின் பங்குதாரர்களுள் ஒருவருடைய மகனான போர்ட், இவரை மணந்துகொள்வதாக வாக்களித்திருந்தார். இரு பெண் குழந்தைகள் பிறந்து வளர்ந்த பின்னரும் அத்திருமணம் நடைபெறவில்லை.

கிளாரன்ஸ் கோமகனுடன் வாழ்க்கை

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மூன்றாவது மகனான இளவரசர் வில்லியம் 1765இல் பிறந்தவர். கடற்படையில் பணியாற்றியவர். 1789இல் கிளாரன்ஸ் கோமகன் என்ற பட்டம் பெற்றார். அவர் ஜோர்டனிடம் கொண்ட விருப்பம் 1791இல் இலண்டன் முழுவதும் பேசப்பட்டது. போர்ட் திருமணத்துக்கு முன்வராத நிலையில் ஜோர்டன் கோமகனுடன் வாழ இசைந்தார். கேலிச்சித்திரக் கலைஞர் ஜேம்ஸ் கில்ரே முதலியோர் இவரைக் கொச்சையாகச் சித்தரித்தனர். ஜோர்டன் என்ற சொல்லுக்கு அக்கால ஆங்கில வழக்கில் சிறுநீர்க் கலம் என்ற பொருளும் இருந்தது அவர்களுக்கு வசதியாக அமைந்தது. போர்டுக்குப் பிறந்த குழந்தைகளைக் கைவிட்டதாகவும் செய்தித்தாள்கள் இவரைத் தாக்கின. உண்மையில் அக்குழந்தைகளைத் தம் சகோதரியின் பொறுப்பில் விட்டு, அவர்களுக்கான செலவை ஜோர்டன் தொடர்ந்து ஏற்றுவந்தார்.

1797இல் கோமகன் இலண்டனுக்கு மேற்கே டெடிங்டனை அடுத்த புஷி பூங்காவின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். குடும்பம் அங்குள்ள புஷி மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. (இம்மாளிகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.) 1794 முதல் 1807 வரை பத்துக் குழந்தைகள் பிறந்தனர். குழந்தை இறப்பு மிகுதியாக இருந்த அக்காலத்தில் பத்துப் பேரும் உயிர்பிழைத்து வளர்ந்தது குறிப்பிடத்தக்கது.

இக்காலம் முழுவதும் ஜோர்டன் நடிப்பை நிறுத்தவில்லை. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் இலண்டனிலும் வெளியூர்களிலும் நடித்தார். கோமகன் எப்போதும் கடனில் மூழ்கியிருந்ததால், குடும்பச் செலவுக்கு ஜோர்டனின் வருமானமும் தேவைப்பட்டது. இவரைக் கோமகன் காப்பாற்றுகிறாரா அல்லது கோமகனை இவர் காப்பாற்றுகிறாரா என அங்கதக் கவிஞர்கள் வினவினர். அரச குடும்பத்து ஆண்களின் ஆசைநாயகியர் பலர் நிலமும் பட்டமும் பெற்றுச் செல்வம் சேர்த்தனர். இரண்டாம் சார்லசின் ஆசைநாயகியான பார்பரா வில்லியர்ஸ் 1670இல் கிளீவ்லாந்து கோமகள் ஆக்கப்பட்டார். ஜோர்டன் எந்தப் பட்டமும் பெறவில்லை. தம் உழைப்பின் பயனையும் குடும்பத்துக்கே செலவிட்டார்.

திருமணத்துக்குத் தடையாக இருந்த சட்டங்கள்

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பியர் தம் விருப்பப்படி மணந்துகொண்டதைத் தொடர்ந்து, 1772இல் அரச திருமணச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி இரண்டாம் ஜார்ஜின் வழித்தோன்றல்கள் மன்னரின் ஒப்புதலின்றிச் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது. இருபத்தைந்து வயது கடந்தவர்கள் அரசவைக் குழுவுக்கு அறிவிப்புக் கொடுத்து ஓராண்டு காத்திருந்து, நாடாளுமன்றம் எதிர்ப்புத் தெரிவிக்காவிடில் மணக்கலாம். வில்லியமின் அண்ணனான வேல்ஸ் இளவரசர் 1785இல் மரியா பிட்சர்பெர்ட்டை மறைவாக மணந்தபோது அத்திருமணம் இச்சட்டத்தின் முன் செல்லாததாயிற்று. எனவே நடிகை ஒருவரைக் கோமகன் முறைப்படி மணப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் மண உறவின்றிப் பிறந்த குழந்தையை எவருடைய பிள்ளையும் அல்ல என்றே கருதியது. தந்தையின் பட்டமும் பரம்பரைச் சொத்தும் அக்குழந்தைக்கு உரிமையாக வருவதில்லை. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலும் இந்நிலை மாறாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்த விதி 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தளர்த்தப்பட்டது.

அரச குடும்பத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குத் தந்தை விரும்பினால் பெயரும் பட்டமும் வழங்கப்படுவது வழக்கம். பிட்ஸ் என்ற முன்னொட்டு நார்மானியப் பிரெஞ்சு மொழியில் மகன் என்று பொருள்படும். பிட்ஸ்ராய் என்பது மன்னரின் மகன் என்றும், பிட்ஸ்கிளாரன்ஸ் என்பது கிளாரன்சின் மகன் என்றும் பொருள் தரும். பட்டம் கிடைத்தாலும் அரியணை கிடைப்பதில்லை. இரண்டாம் சார்லசின் இத்தகைய மகனான மன்மத் கோமகன் ஜேம்ஸ் ஸ்காட் 1685இல் அரியணைக்கு உரிமை கோரிப் படை திரட்டித் தோற்று, தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.

பிரிவு

1811இல் கோமகனின் கடன் சுமை மிகுந்திருந்தது. செல்வந்தரான பெண் ஒருவரை முறைப்படி மணந்தால் கடன் தீரும் என்ற எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் ஜோர்டன் செல்டன்ஹாம் நகரில் நடித்துக்கொண்டிருந்தபோது, மெய்டன்ஹெட் என்ற ஊரில் தம்மைச் சந்திக்குமாறு கோமகன் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அது பிரிவுக்கான அழைப்பு என்பதை அவர் உணர்ந்துகொண்டார். அன்று மாலை நகைச்சுவை நாடகம் ஒன்றில் சிரிக்க வேண்டிய இடத்தில் இவர் அழுதுவிட்டதாகவும், உடன் நடித்தவர் அதற்கேற்பத் தம் வசனத்தை மாற்றிச் சொல்லிச் சமாளித்ததாகவும் கூறப்படுகிறது.

பிரிவு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 4,400 பவுண்டுகள் வழங்க ஏற்பாடாயிற்று. அதன் விவரம் வருமாறு:

- கோமகனுக்குப் பிறந்த இளைய பெண் குழந்தைகள் நால்வரின் பராமரிப்புக்கு 1,500 பவுண்டுகள்
- அவர்களுக்கான வீடு, வண்டிச் செலவுக்கு 600 பவுண்டுகள்
- ஜோர்டனின் சொந்தச் செலவுக்கு 1,500 பவுண்டுகள்
- முந்தைய உறவுகளில் பிறந்த பெண் மக்களுக்கு 800 பவுண்டுகள்

ஜோர்டன் மீண்டும் மேடையேறினால் பெண் குழந்தைகளும் அவர்களுக்கான 1,500 பவுண்டுகளும் கோமகனிடம் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனையாகும். இருபது ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கிய அதே தொழில், இப்போது குழந்தைகளை வளர்க்கத் தகுதியற்றவராக ஜோர்டனை ஆக்கியது. முந்தைய உறவுகளில் பிறந்த மூத்த பெண் மக்களின் குடும்பங்களுக்கு உதவ வேண்டிய நிலையில் பணத் தேவை மிகுந்தது. ஜோர்டன் மேடைக்குத் திரும்பினார். பெண் குழந்தைகள் தந்தையிடம் சென்றனர்.

கோமகன் மணக்க விரும்பிய செல்வ மகள் கேத்தரின் டில்னி லாங் அவரை மறுத்து, 1812இல் வேறொருவரை மணந்துகொண்டார்.

இறுதிக் காலம்

ஜோர்டனின் கையொப்பமிட்ட பணப்பத்திரங்களை மருமகன் ஒருவர் தவறாகப் பயன்படுத்தியதால் பெருங்கடன் இவர் மீது விழுந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதவர்களைச் சிறையிலடைப்பது அக்காலச் சட்டமாகும். கைதாவதிலிருந்து தப்ப 1815இல் ஜோர்டன் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். கடற்கரை நகரான புலோனிலும், பின்னர் வெர்சாயிலும், இறுதியாகப் பாரிசை அடுத்த சான் குளூ என்ற ஊரிலும் தங்கினார். உடல்நலம் குன்றிய நிலையில், வீட்டிலிருந்து வரும் கடிதங்களை எதிர்பார்த்து நாட்களைக் கழித்தார். 1816 ஜூலை 5ஆம் நாள் அங்கேயே காலமானார். பதின்மூன்று பிள்ளைகளை வளர்த்த இவருடைய இறுதி நேரத்தில் பிள்ளைகள் எவரும் அருகில் இல்லை. உடல் சான் குளூவில் அடக்கம் செய்யப்பட்டது.

வாரிசுச் சிக்கல்

ஜோர்டன் இறந்த பதினாறு மாதங்களில் நிலைமை முற்றிலும் மாறியது. 1817 நவம்பரில் வேல்ஸ் இளவரசரின் ஒரே மகளான சார்லட் பேறுகாலத்தில் இறந்தார். அப்போது மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உயிருடன் இருந்த பிள்ளைகள் பன்னிருவர். ஆயினும் சட்டப்படி வாரிசாகக் கூடிய பேரக்குழந்தை ஒன்றும் இல்லை. இளவரசர்கள் விரைந்து மணமுடிக்க முற்பட்டனர். 1818 ஜூலை 11ஆம் நாள் கியூ அரண்மனையில் கிளாரன்ஸ் கோமகன் ஜெர்மானிய இளவரசி அடிலெய்டை மணந்தார். ஜோர்டனின் பிள்ளைகளை அடிலெய்டு அன்புடன் நடத்தினார். இத்திருமணத்தில் பிறந்த இரு பெண் குழந்தைகளும் மழலைப் பருவத்தைத் தாண்டவில்லை.

1830 ஜூன் 26ஆம் நாள் கோமகன் நான்காம் வில்லியம் என்ற பெயரில் மன்னரானார். 1837 ஜூன் 20ஆம் நாள் அவர் இறந்தபோது மரபுரிமை உள்ள பிள்ளை எவரும் இல்லாததால், தம்பி கென்ட் கோமகனின் மகளான பதினெட்டு வயது விக்டோரியா அரசியானார்.

பிள்ளைகள்

1831இல் மூத்த மகன் ஜார்ஜுக்கு மன்ஸ்டர் ஏர்ல் என்ற பட்டம் வழங்கப்பட்டது. ஏனைய மகன்களுக்கும், உயர் பட்டம் பெற்றோரை மணக்காத மகள்களுக்கும் மார்க்கி பட்டம் பெற்றவரின் இளைய பிள்ளைகளுக்குரிய தகுதி அளிக்கப்பட்டது.

மகன்கள்:

- ஜார்ஜ் (இறப்பு 1842): படைத்துறை அதிகாரி. தம் படைப்பிரிவின் தலைவர் மீது 1814இல் குற்றம் சாட்டிய அதிகாரிகளுள் ஒருவராக இருந்ததால் தம்பி ஹென்றியுடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கிருந்து எகிப்து வழியாக இங்கிலாந்து திரும்பிய பயணத்தைப் பற்றிய நூலை 1819இல் வெளியிட்டார். தந்தையிடமிருந்து தமக்கு உரியது கிடைக்கவில்லை என்ற மனக்குறை இவருக்கு நெடுங்காலம் இருந்தது. 1842இல் தற்கொலை செய்துகொண்டார்.
- ஹென்றி (இறப்பு 1817): படைத்துறை அதிகாரி. இந்தியாவின் அலகாபாத்தில் இளம் வயதில் இறந்தார்.
- பிரெடரிக் (இறப்பு 1854): 1820இல் பிரித்தானிய அமைச்சர்களைக் கொல்லத் திட்டமிட்ட கேட்டோ தெருச் சதிகாரர்களைப் பிடிக்கச் சென்ற காவற்படையினருக்குத் தலைமை தாங்கினார். 1852 முதல் பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து, புனே அருகே புரந்தரில் இறந்தார்.
- அடோல்பஸ் (இறப்பு 1856): கடற்படை அதிகாரி. அரச உல்லாசக் கப்பலின் தலைவராக இருந்தவர்.
- அகஸ்டஸ் (இறப்பு 1854): திருச்சபைக் குரு. மேப்பிள்டர்ஹாம் என்ற ஊரில் பணியாற்றினார்.

மகள்கள்:

- சோபியா (இறப்பு 1837): பிலிப் சிட்னியை மணந்தார்.
- மேரி (இறப்பு 1864): சார்லஸ் ரிச்சர்ட் பாக்ஸ் என்பவரை மணந்தார். ஹாலந்து பிரபுவின் மகனான பாக்சும் பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்தவர்.
- எலிசபெத் (இறப்பு 1856): எரோல் ஏர்லை மணந்தார். 2010 முதல் 2016 வரை பிரதமராக இருந்த டேவிட் கேமரன் இவருடைய வழித்தோன்றல் ஆவார்.
- அகஸ்டா (இறப்பு 1865): ஜான் கென்னடி எர்ஸ்கினையும், அவர் இறந்த பின்னர் பிரெடரிக் கார்டன் பிரபுவையும் மணந்தார்.
- அமேலியா (இறப்பு 1858): பாக்லாந்து பிரபுவை மணந்தார். 1848 முதல் 1853 வரை கணவர் பம்பாய் மாகாண ஆளுநராக இருந்தபோது அங்கு வாழ்ந்தார். தம் இந்திய வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் 1857இல் வெளிவந்தது.

நினைவுச் சிலை

அரியணை ஏறிய பின்னர் நான்காம் வில்லியம், சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரியிடம் ஜோர்டனின் பளிங்குச் சிலை ஒன்றைச் செய்யப் பணித்தார். இரு குழந்தைகளுடன் இருக்கும் தாயாக ஜோர்டன் அதில் காட்டப்பட்டுள்ளார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அதனை நிறுவ மன்னர் விரும்பினார். மடாலயத் தலைமைக் குரு அதற்கு இசையவில்லை. மன்னர் இறந்தபோதும் சிலை சிற்பியின் பட்டறையிலேயே இருந்தது. பின்னர் அது மகன் அகஸ்டசிடம் சென்றது. அவருக்குப் பின் மன்ஸ்டர் ஏர்ல் குடும்பத்திடம் இருந்த அச்சிலையை ஐந்தாம் ஏர்ல் தம் விருப்ப ஆவணத்தின் வழி இரண்டாம் எலிசபெத் அரசிக்கு அளித்தார். அதன்பின் சிலை பக்கிங்காம் அரண்மனையில் வைக்கப்பட்டது. மன்ஸ்டர் ஏர்ல் பட்டம் ஆண் வாரிசின்றி 2000ஆம் ஆண்டு முடிவுற்றது.

ஜோர்டனின் வாழ்க்கை வரலாற்றை ஜேம்ஸ் போடன் 1831இலும், கிளேர் டொமலின் 1994இலும் எழுதி வெளியிட்டனர். ஜோர்டனின் திருமணத்துக்குத் தடையாக நின்ற 1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டம், 2013இல் இயற்றப்பட்டு 2015இல் நடைமுறைக்கு வந்த அரியணை உரிமைச் சட்டத்தால் நீக்கப்பட்டது. மண உறவின்றிப் பிறந்தவர்கள் அரியணைக்கு வர இயலாது என்ற விதியில் அச்சட்டம் மாற்றம் எதுவும் செய்யவில்லை.